சிஜில் வேறு, டிக்கெட் வேறு

பினாங்குத் தீவிலிருந்து இரண்டாவது பாலத்தில் வந்தால் கரையேறும் இடம் பத்து காவான். 2014 மார்ச்சில் பாலம் திறக்கும் வரை, காரியம் இல்லாமல் அந்தப் பக்கம் போனவர் குறைவு. கரும்பும் ரப்பரும் செம்பனையும் மாறி மாறி நின்ற தோட்ட நிலம் அது. இப்போது மைக்ரோன், போஸ்டன் சயன்டிஃபிக், லாம் ரிசர்ச் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். விட்ரோக்ஸ், பெண்டாமாஸ்டர் போன்ற நம் ஊர் இயந்திரத் தயாரிப்பாளர்களும் அங்கே இருக்கிறார்கள். பழைய ஊரின் மிச்சம், தமிழ்ப்பள்ளியின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘லாடாங்’, அதாவது தோட்டம், என்ற மலாய்ச் சொல்.

விடிகாலையில் நிபோங் தெபால், சிம்பாங் அம்பாட் பக்கம் ஃபேக்டரி பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் நம் பிள்ளைகளைப் பார்க்கலாம். வேலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எந்த வேலை என்பதுதான் கேள்வி. லைனில் நின்று இயந்திரத்துக்குத் தீனி போடுபவர் ஒருவர். அந்த இயந்திரம் நின்றுபோனால் வந்து திறந்து பார்ப்பவர் இன்னொருவர். இருவருக்கும் ஒரே பஸ், ஒரே கேன்டீன். சம்பளச் சீட்டு மட்டும் வேறு. முன்னவரின் அடிப்படைச் சம்பளம், 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தைச் சுற்றியே நிற்கும். ஓட்டி, அதாவது கூடுதல் நேர வேலை, செய்தால்தான் அவருக்கு மாதம் ஓடும். இயந்திரம் மாறினால் முதலில் ஆட்டம் காணும் வேலையும் அவருடையதே.

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடிவு வரும் வாரங்களில் எங்கள் வட்டாரக் கோயில் மண்டபத்தில் மாணவர்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பவர்களில் நானும் ஒருவன். ஒரு முறை ஓர் அம்மா மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டார்: “தம்பி, இந்த ஸ்கில் படிச்சா வேலை கிடைக்குமா, இல்ல சிஜில் மட்டும்தான் கிடைக்குமா?” சிஜில் என்று அவர் சொன்னது சான்றிதழை. மேசையில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இந்த நாட்டில் திவெட் எனப்படும் தொழில்நுட்ப, தொழிற்பயிற்சிக் கல்வியின் சீர்திருத்தம் பற்றி நான் படித்த எந்த அறிக்கையும் அவ்வளவு நேராக அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

எஸ்கேஎம் என்பது என்ன?

முதலில் ஏணியைப் புரிந்துகொள்வோம். மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்கேஎம், முதல் நிலையிலிருந்து மூன்றாம் நிலை வரை. நான்காம் நிலை டிகேஎம் எனும் டிப்ளோமா. ஐந்தாம் நிலை டிஎல்கேஎம், அதாவது மேல்நிலை டிப்ளோமா. இவற்றைக் கொடுப்பது மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகே. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இதற்கு அடித்தளம்.

ஒவ்வொரு தொழிலுக்கும் ‘நோஸ்’ என்று அழைக்கப்படும் தரவரையறை உண்டு. வெல்டர் என்றால் என்னென்ன செய்யத் தெரிய வேண்டும், எந்தக் கருவியைப் பிடிக்கத் தெரிய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். மதிப்பீடும் அதை வைத்துத்தான். ஆகவே எஸ்கேஎம்-இல் முதன்மையாகக் கேட்கப்படுவது “செய்து காட்டு” என்பது. ஏட்டுக் கல்வியில் தடுமாறிய பிள்ளைக்கு இது பெரிய வாசல். முதல் நிலையில் சேர எஸ்பிஎம் தேர்ச்சிகூடத் தேவையில்லை, எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். நம் வீடுகளில் பலருக்கு இந்த ஒரு வரி தெரியாது. எஸ்பிஎம்-இல் வரலாறு போனதால் எல்லாமே போயிற்று என்று நினைத்து, பதினேழு வயதில் பார்சல் பட்டுவாடாவுக்கு மோட்டார் சைக்கிள் எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இது ஓர் ஏணி. பக்கத்தில் வேறு ஏணிகளும் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாம் படிவம் முடித்துச் சேரக்கூடிய தொழிற்கல்லூரிகள் கல்வி அமைச்சின் கீழ். போலிடெக்னிக்குகளும் சமூகக் கல்லூரிகளும் உயர்கல்வி அமைச்சின் கீழ். ஐஎல்பி, ஆட்டெக் பயிற்சி நிலையங்கள், புக்கிட் மின்யாக்கில் இருக்கும் ஜப்பான்–மலேசிய தொழில்நுட்பக் கழகம் ஆகியவை மனிதவள அமைச்சின் கீழ். ஐகேபிஎன் பயிற்சி நிலையங்கள் இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சின் கீழ். ஐகேஎம்-உம் கியாட்மாராவும் மாராவின் கீழ். மாரா பூமிபுத்ரா மேம்பாட்டுக்காக உருவான அமைப்பு என்பதால் அங்கே நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு இடம் என்பது தனிக் கதை. இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட அமைச்சுகள். தனியார் நிலையங்களையும் சேர்த்தால் நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள்.

ஒரே வெல்டிங்கை ஐந்து அமைச்சுகள் ஐந்து சீருடையில் சொல்லித் தருகின்றன என்று ஒரு நண்பர் கிண்டல் செய்வார். கிண்டல் என்றாலும் உண்மை.

இந்தக் குழப்பம் புதிதும் அல்ல. 1990-களின் நடுப்பகுதியில் தொழிற்பள்ளிகளை எல்லாம் தொழில்நுட்பப் பள்ளிகளாக மாற்றினார்கள். பொறியியல் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் பள்ளி என்று பெயர் வந்தது, பட்டறை வேலை பின்னுக்குப் போனது. 2012-க்குப் பிறகு அதே வளாகங்களில் பல மீண்டும் தொழிற்கல்லூரிகள் ஆயின. பெயர்ப்பலகை எழுதுபவருக்கு நல்ல காலம். உள்ளே இருந்த ஆசிரியர்களுக்கும் இயந்திரங்களுக்கும் எத்தனை முறை திசை திருப்பினார்கள் என்பதை யாரும் கணக்கு வைக்கவில்லை. இப்போது ஐஎல்பி-களும் ஆட்டெக் என்ற பெயருக்கு மாறி வருகின்றன.

ஏணிகளை ஒன்றாகக் கட்டும் முயற்சிகளும் நடக்கவே செய்கின்றன. நாட்டின் தகுதிக் கட்டமைப்பில் முன்பு திறன், தொழில்நுட்பம், உயர்கல்வி என்று மூன்று பாதைகள் இருந்தன. திருத்திய கட்டமைப்பில் அவை ஏட்டுக் கல்வி, திவெட் என்று இரண்டாயின. துணைப் பிரதமர் தலைமையில் தேசிய திவெட் மன்றம் இயங்குகிறது. யூபி திவெட் என்ற ஒரே தளத்தில் பல அமைச்சுகளின் படிப்புகளுக்கும் விண்ணப்பிக்கலாம். மண்டபத்தில் பாரம் நிரப்பும் எங்களுக்கு இந்தத் தளம் உண்மையிலேயே வேலையைக் குறைத்திருக்கிறது. ஆனால் எல்லா ஏணிகளையும் ஒரே சுவரில் சாத்திவிட்டால் மட்டும் சுவருக்கு மேலே வீடு வந்துவிடாது.

தொண்ணூறு விழுக்காடு என்ற கணக்கு

திவெட் முடித்தவர்களில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் வேலை பெறுகிறார்கள் என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வருகிறது. அறிவிப்பில் பொய் இல்லை. மலாயில் அவர்கள் சொல்வது ‘கெபோலேபாசாரான்’. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ‘சந்தைக்குப் போகக்கூடிய தன்மை’. அந்தக் கணக்கில் வேலையில் இருப்பவர்கள் மட்டும் இல்லை. மேற்படிப்புக்குப் போனவர், இன்னொரு பயிற்சியில் சேர்ந்தவர், வேலையில் அமர அழைப்புக்காகக் காத்திருப்பவர் என்று எல்லோரும் சேர்த்தி.

வெல்டிங் படித்துவிட்டு ஷா ஆலாமில் கிடங்கில் பெட்டி தூக்குபவரும் அதில் ‘வேலை பெற்றவர்’. அவர் படித்த வேலையா, என்ன சம்பளம், ஓராண்டு கழித்தும் அங்கேயே இருக்கிறாரா என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது. பதினைந்திலிருந்து இருபத்து நான்கு வயதுக்குட்பட்டோரின் வேலையின்மை பத்து விழுக்காட்டை ஒட்டியும், நாட்டின் மொத்த வேலையின்மை மூன்று விழுக்காட்டை ஒட்டியும் இருக்கும் நாட்டில், இளைஞர்கள் எந்த வேலையில் போய்ச் சேர்கிறார்கள் என்பதே முக்கியமான எண். சீர்திருத்தத்தை அளக்க எனக்கு ஒரே ஓர் அளவுகோலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், படிப்பு முடித்து ஓராண்டில் படித்த தொழிலிலேயே இருப்பவர் எத்தனை பேர், அவர்கள் சம்பளம் என்ன என்பதை நிலையம் வாரியாக வாசலில் எழுதி ஒட்டச் சொல்வேன்.

தோட்டத்துப் பெரியவர் சொன்ன டிக்கெட்

என் தாத்தா காலத்துத் தோட்டத்தில் எல்லோருக்கும் மரியாதை ஒன்றுபோல் இருந்ததில்லை. பால்மரம் வெட்டியவருக்கு ஒரு மரியாதை, கேராணி எனும் குமாஸ்தாவுக்கு ஒரு மரியாதை. இரண்டுக்கும் இடையில் ஒரு மனிதர் இருப்பார்: ஆலையில் கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர். “அவருக்கு ஸ்டீம் டிக்கெட் இருக்குடா” என்பார்கள். துரை கோபித்துக்கொண்டாலும் அவரை எளிதில் வீட்டுக்கு அனுப்ப மாட்டார். காரணம் பாசம் அல்ல, சட்டம். தகுதிச் சான்று பெற்ற ஆள் இல்லாமல் கொதிகலனை ஓட்டக் கூடாது. அவர் போனால் ஆலை நிற்கும்.

அந்த டிக்கெட்டும் இன்றைய சிஜிலும் ஒன்றல்ல. ‘இவருக்கு இது செய்யத் தெரியும்’ என்று சிஜில் சொல்கிறது. ‘இவர் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது’ என்று டிக்கெட் சொல்கிறது. சம்பளம் பெரும்பாலும் இரண்டாவதைத் தேடித்தான் போகிறது.

மின்சாரத் தொழிலைப் பாருங்கள். ஒரு வீட்டுக்கோ கடைக்கோ புதிதாக வயரிங் செய்தால், வேலையை மேற்பார்த்து முடித்ததற்கு ஜி பாரத்திலும் சோதித்ததற்கு எச் பாரத்திலும் தகுதி பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். 1990-ஆம் ஆண்டின் மின்சார விநியோகச் சட்டமும் 1994-இன் மின்சார விதிமுறைகளும் இதற்கு ஆதாரம். அந்தக் கையெழுத்து இல்லாமல் மின் இணைப்பு கிடைப்பது கஷ்டம். அதனால் எரிசக்தி ஆணையத்திடம் வயர்மேன் தகுதிச் சான்று பெற்றவருக்கு வேலை தேடி வரும். தொழிற்சாலைகளிலும் பெரிய கட்டடங்களிலும் மின் அமைப்பைப் பொறுப்பேற்று இயக்கும் சார்ஜ்மேன் வேண்டும். அந்தச் சான்றிலும் தாழ்வழுத்தம், உயரழுத்தம் என்று படிகள் உண்டு. ஒவ்வொரு படி ஏறும்போதும் ஆளின் விலை ஏறுகிறது.

இதே மின்சாரப் பாடத்தை எங்கே படிக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். ஆணையம் அங்கீகரித்த நிலையத்தில் படித்தால், தேர்வு எழுதித் தகுதிச் சான்று வரை போக வழி இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் அதே பாடம், அதே மாதங்கள், கையில் எஸ்கேஎம் மட்டும். அப்புறம் வயர்மேனுக்கு மறுபடியும் எங்காவது சேர வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சேர்க்கை மேசையில் யாரும் பெற்றோரிடம் விளக்குவதில்லை. சீர்திருத்தம் என்றால் முதலில் இங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. உரிமத்துக்கு இட்டுச் செல்லாத திறன் படிப்பு என்றால், அதை விளம்பரப் பலகையிலேயே பெரிய எழுத்தில் சொல்லட்டும்.

எல்லாத் தொழிலுக்கும் சட்டம் டிக்கெட் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது, கேட்டால் கேக் செய்பவருக்கும் உரிமம் என்று நிற்கும். சட்டம் கேட்காத இடத்தில் முதலாளி கேட்க வேண்டும். முதலாளி எப்போது கேட்பார்? சான்றிதழில் எழுதியிருப்பதைத் தானும் சேர்ந்து எழுதியிருந்தால் கேட்பார்.

பாயான் லெப்பாஸ் எழுதிய பாடம்

இதைப் பினாங்கு ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. 1969-இல் தீவின் சுதந்திரத் துறைமுகத் தகுதி பறிபோனது. வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தது. அதே ஆண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் யூ தொழிற்சாலைகளை அழைத்து வரக் கிளம்பினார். 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் பிறந்தது. இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், போஷ், ஹிட்டாச்சி, கிளாரியோன், லிட்ரோனிக்ஸ் ஆகிய எட்டையும் ‘எட்டு சாமுராய்கள்’ என்று இன்றும் சொல்வார்கள். கம்பத்துப் பெண்களும் தோட்டத்துப் பெண்களும் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அவர்களில் சிலர் இன்று என் மண்டபத்துக்கு வரும் பேரப்பிள்ளைகளின் பாட்டிகள்.

பதினைந்து ஆண்டுகளில் கையால் செய்த வேலையை இயந்திரம் செய்யத் தொடங்கியது. ஆப்பரேட்டர் போதவில்லை, டெக்னீசியன் தேவைப்பட்டார். ஒரு நிறுவனம் பயிற்சி கொடுத்த ஆளை அடுத்த நிறுவனம் இருநூறு ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்து இழுத்துக்கொண்டது. அதனால் யாருக்கும் பயிற்சிக்குக் காசு செலவழிக்க மனம் வரவில்லை.

1989-இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம், எல்லோரும் பிஎஸ்டிசி என்று சொல்வது, இந்த முடிச்சை அவிழ்க்கப் பிறந்தது. மாநில அரசு இடம் கொடுத்தது. போட்டி நிறுவனங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, இயந்திரத்தைக் கொடுத்து, ஆளை அனுப்பி, பாடத்திட்டத்தையும் தாங்களே தீர்மானித்தன. அங்கே ஒரு பிள்ளை எதைப் படிக்கிறது என்பதை, அடுத்த ஆண்டு அதற்குச் சம்பளம் கொடுக்கப் போகிறவர்கள் தீர்மானித்தார்கள். கற்பித்த இயந்திரம் பழையதாகப் போனால் முதலில் வெட்கப்பட்டவர்களும் அவர்களே. பின்னால் சிலாங்கூர், ஜொகூர், கெடா என்று மற்ற மாநிலங்களும் இதே மாதிரியில் மையங்களைத் தொடங்கின. எல்லாமே பினாங்கு அளவுக்கு ஓடவில்லை. கட்டடத்தை நகலெடுக்கலாம். போட்டியாளர்கள் ஒன்றாக உட்கார வேண்டிய நெருக்கடியை எப்படி நகலெடுப்பது?

இந்த முறையில் அடுத்த படி, வேலை இடத்திலேயே படிப்பது. ஜெர்மானியர்களிடம் கற்ற இரட்டைப் பயிற்சி அது. 2005 முதல் எஸ்எல்டிஎன் என்ற பெயரில் நாட்டில் நடக்கிறது. பயிற்சியின் முக்கால் பங்கு தொழிற்சாலையில், மீதி வகுப்பறையில். பயிற்சி பெறுபவருக்கு மாதப் படி உண்டு. இதையே நேரடி ஜெர்மன் தரத்தில் நடத்தும் திட்டமும் மலேசிய–ஜெர்மன் வர்த்தகச் சபையின் வழியாகப் பினாங்கில் உண்டு. பிள்ளை முதல் நாளிலிருந்தே ஒரு நிறுவனத்தின் ஆள். படிப்பு முடிந்த பிறகு வேலை தேடும் கட்டம் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. மண்டபத்தில் என்னிடம் யாராவது “எது நல்லது?” என்று கேட்டால், கூச்சமில்லாமல் இதைத்தான் முதலில் சொல்கிறேன். இடங்கள் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சின்னப் பட்டறைகள் எங்கே?

இங்கே ஒரு பெரிய ஓட்டை. பயிற்சிக்குக் காசு எங்கிருந்து வருகிறது? பத்து உள்நாட்டுத் தொழிலாளர்களும் அதற்கு மேலும் வைத்திருக்கும் முதலாளிகள் சம்பளத் தொகையில் ஒரு விழுக்காட்டை லெவியாக, மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்ஆர்டி கோர்ப்பிடம் கட்ட வேண்டும். அந்தக் காசைத் தங்கள் ஆட்களின் பயிற்சிக்குத் திரும்பப் பெறலாம். 1993-இல் தொடங்கிய நிதி இது. ஐந்து முதல் ஒன்பது பேர் வைத்திருப்பவர் விரும்பினால் அரை விழுக்காடு கட்டிச் சேரலாம்.

நம் ஆட்கள் தொழில் கற்றுக்கொள்ளும் இடங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிறையில் மூன்று பேர் வேலை செய்யும் கார் பட்டறை. புக்கிட் மெர்தாஜாமில் அண்ணனும் தம்பியும் நடத்தும் ஏர்கோன் கடை. பட்டர்வொர்த்தில் ஒரு லாரியும் நான்கு ஆளும் உள்ள வயரிங் குத்தகைக்காரர். இவர்கள் லெவி கட்டுவதில்லை, நிதியும் இவர்களை எட்டுவதில்லை. ஆனால் ஆண்டுதோறும் பையன்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுப்பவர்கள் இவர்களே. பாடத்திட்டம் இல்லை, சிஜில் இல்லை, “டேய், அந்த ஸ்பேனர எடு” என்பதுதான் வகுப்பு. பத்தாண்டில் அந்தப் பையன் கைதேர்ந்தவன் ஆகிவிடுவான். தாளில் அவன் வெறும் எஸ்பிஎம் தோற்றவன்.

இவர்களுக்கு ஒரு கதவு ஏற்கெனவே இருக்கிறது, தட்டுபவர் குறைவு. பிபிடி என்று சொல்லப்படும் முன் அனுபவ அங்கீகாரம். ஏற்கெனவே தொழில் தெரிந்தவர் மறுபடியும் வகுப்பில் உட்காரத் தேவையில்லை. தான் செய்த வேலைகளின் படங்கள், முதலாளியின் கடிதம், வேலைப் பதிவுகள் எல்லாவற்றையும் நோஸ் தரவரையறைக்குப் பொருத்தி ஒரு கோப்பு தயாரிக்க வேண்டும். ஜேபிகே அங்கீகரித்த மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, கேள்வி கேட்டு, செய்து காட்டச் சொல்லி முடிவு செய்வார்.

என் மாமா ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் வெல்டர். அவருக்கு இந்தக் கோப்பைத் தயாரிக்க நானும் அவர் மகளும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தோம். வெல்டிங்கில் அவருக்குச் சிரமமே இல்லை. மலாயில் எழுதுவதுதான் சிரமம். “நான் ஒட்டுன இரும்ப வந்து பாக்கச் சொல்லு, எதுக்குடா கதை எழுதணும்?” என்று இரண்டு முறை எழுந்து போய்விட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தொழிலைக் கையால் காட்டும் முறைக்கும் நுழைவாயில் எழுத்தாகவே இருக்கிறது. தாமான் எனும் குடியிருப்புதோறும், கோயில்தோறும் இந்தக் கோப்பை எழுதித் தர நாலு பேர் இருந்தால் எத்தனையோ பேர் மூன்றாம் நிலை வாங்கிவிடுவார்கள். மூன்றாம் நிலை இருந்து, ஷா ஆலாமில் பயிற்றுநர்களை உருவாக்கும் சியாஸ்ட் நிலையத்தின் தகுதியும் எடுத்தால், அவர்களே பயிற்றுநர் ஆகலாம். திறன் நிலையங்களில் தொழிற்சாலைத் தரையை மிதிக்காமலே பாடம் எடுப்பவர்கள் உண்டு என்ற குறைக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

நம் பாரம்பரியத் தொழில்களின் கதை இன்னும் வருத்தமானது. முடிதிருத்தகம், நகைத் தொழில், துணிக்கடை ஆகிய மூன்றுக்கும் 2009-இல் அந்நியத் தொழிலாளர் அனுமதி நிறுத்தப்பட்டது. பல ஆண்டு கோரிக்கைக்குப் பிறகு 2023-இல் அனுமதி பற்றிய அறிவிப்பு வந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் “உள்ளூர்ப் பையன்கள் வர மாட்டேன் என்கிறார்கள்” என்பதே கடைக்காரர்களின் பதில். வந்தால் என்ன கிடைக்கும் என்று பையனும் கேட்டிருப்பான் அல்லவா? படிப்படியாகச் சம்பளம் ஏறும் பயிற்சி ஒப்பந்தமோ முடிவில் ஒரு சான்றிதழோ அவன் முன்னால் வைக்கப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பதினான்கு ஆண்டுகளை ஆள் கேட்பதில் செலவழித்தோம். ஆளை உருவாக்கும் ஒரு பள்ளிக்கு அது தாராளமாகப் போதுமான காலம்.

கையெழுத்துப் போடும் முன்

தனியார் நிலையங்களைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டும். நல்லவை இருக்கின்றன. ஆனால் திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பிடிபிகே-யின் கடனை நம்பித் தலைக்கணக்கில் ஓடுபவையும் இருக்கின்றன. கடன் நிலையத்தின் பெயரில் இல்லை, பதினெட்டு வயதுப் பிள்ளையின் பெயரில். பாதியில் நின்றுவிட்டால் சிஜில் வராது, கடன் கடிதம் வரும். எங்கள் வட்டாரத்தில் ஒரு பையன் ‘ஆட்டோமோட்டிவ்’ படிக்கப் போய், ஒரே ஓர் இன்ஜினை முப்பது பேர் சுற்றி நின்று பார்த்ததோடு வீடு திரும்பினான்.

ஜேபிகே அங்கீகாரம் நிலையத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும், ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக. ஒரு படிப்புக்கு அங்கீகாரம் பெற்றுவிட்டு, அந்தச் சின்னத்தைக் காட்டி வேறு படிப்புக்கும் ஆள் சேர்ப்பது நடக்கக்கூடியது. ஆகவே சேரும் படிப்பின் குறியீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி, ஜேபிகே-யின் மைஸ்பைக் தளத்தில் தட்டிப் பார்க்க வேண்டும். நிலையத்துக்கு எத்தனை நட்சத்திரத் தரம், அங்கீகாரம் எந்தத் தேதி வரை என்றும் கேட்கலாம். மின்சாரம் என்றால் எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரம் தனி. மூன்றாம் நிலை வரை அதே இடத்தில் போக முடியுமா, இரண்டாம் நிலையோடு அனுப்பிவிடுவார்களா என்பதையும் விடக் கூடாது. தொழிற்பயிற்சிக்கு எந்த நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டதும் மேசைக்குப் பின்னால் இருப்பவர் தடுமாறினால், எழுந்து வந்துவிடுவது நல்லது.

2024 மே மாதம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகம் 60,000 உயர்திறன் பொறியியலாளர்களை உருவாக்குவதாகச் சொல்கிறது. பத்து காவானுக்கு நல்ல செய்தி. பொறியியலாளர் வரைந்ததைப் பொருத்தி, ஓட்டி, நின்றால் சரிசெய்யும் டெக்னீசியன்களுக்கும் அப்படி ஓர் எண் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டு, அதில் ஒவ்வொரு ஆண்டும் எவ்வளவு நிறைவேறியது என்று சொல்லப்பட வேண்டும். செபெராங் பிறை போலிடெக்னிக், கெப்பாலா பத்தாஸ் பயிற்சி நிலையம், நிபோங் தெபால் தொழிற்கல்லூரி என்று பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் வளாகங்கள் அந்தத் தொழிற்சாலைகளிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன.

அந்த அம்மாவுக்கு அன்று நாங்கள் கொடுத்த பதில் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. மகன் பாதியிலேயே தொலைபேசியை எடுத்துவிட்டான். அம்மா மட்டும் எஸ்பிஎம் பாரத்தின் பின்பக்கத்தில் தமிழில் எதையோ எழுதிக்கொண்டார். மூன்று வாரம் கழித்து ஒரு காலைப் பொழுதில் அழைப்பு வந்தது. பின்னணியில் சேர்க்கை எண்ணைக் கூப்பிடும் சத்தம்.

“தம்பி, நான் கவுண்டர்ல நிக்கிறேன். அந்தக் கோட் நம்பர் எங்க போட்டிருக்கும்னு சொன்னீங்க?”